பழைய குழலில் புதிய மூச்சு

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

“ரெக்கார்டர் குழு ஒன்றின் இசையைப் பற்றி ஆண்டு மலருக்கு எழுதப் போகிறேன்” என்று விடுதியில் சொன்னேன். அறைத் தோழன் சிரித்தான். “டேப் ரிக்கார்டரெல்லாம் காயலான் கடைக்குப் போய் எத்தனை வருஷம் ஆச்சு! இனி அதை யார் படிக்கப் போகிறார்கள்?” என்றான். பக்கத்து அறை வேதியியல் மாணவரோ, அவருடைய ரிக்கார்டு நோட்டைத்தான் நான் கேட்கிறேன் என்று எண்ணி, “இன்னும் கையெழுத்து வாங்கவில்லையே” என்று கவலைப்பட்டார். அவர்கள்மீது குற்றமில்லை, இந்தக் கருவிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் அப்படி. பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிப் பழகுதல் என்றொரு பொருள் ‘ரெக்கார்டு’ என்ற சொல்லுக்கு முற்கால ஆங்கிலத்தில் உண்டு. அந்தப் பொருளிலிருந்து பிறந்த பெயர் இது. ஒலிப்பதிவுப் பெட்டிக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே உண்டு.

நான் பேச வந்தது ஒரு மரக்குழலைப் பற்றி. நம் புல்லாங்குழலைப் பக்கவாட்டில் பிடித்து, துளையின் விளிம்பில் உதட்டால் காற்றைச் செலுத்துகிறோம். ரெக்கார்டரை நேராகப் பிடித்து ஊத வேண்டும். அதன் வாய்ப்பகுதியை ஒரு கட்டையால் அடைத்து, மெல்லிய காற்றுவழி ஒன்றை மட்டும் விட்டிருப்பார்கள். ஊதிய காற்று அவ்வழியே சென்று கூரிய விளிம்பு ஒன்றில் மோதி ஒலியாகிறது. முன்புறம் ஏழு துளைகள். பின்புறம் கட்டைவிரலுக்கு ஒன்று. திருவிழாக் கடையில் குழந்தைக்கு வாங்கித் தரும் ஊதலும் இதே தத்துவத்தில்தான் ஒலிக்கிறது.

நானும் இதை முதலில் ஊதலாகத்தான் அறிந்தேன். என் அக்காள் மகள் படிக்கும் பள்ளியில் இசை வகுப்புக்கென்று வெள்ளை நிறப் பிளாஸ்டிக் குழல் ஒன்றை வாங்கச் சொன்னார்கள். அது வீட்டுக்கு வந்த நாள் முதல் ஒரு வாரம் எவருக்கும் பகல் தூக்கம் இல்லை. “போதும் தாயே, நிறுத்து!” என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த ஊதலின் பூர்வீகம் என்னவென்று அறிய விரும்பிக் கைப்பேசியில் தேடினேன். நான்கு பேர் அரைவட்டமாக அமர்ந்து, சிறிதும் பெரிதுமான நான்கு மரக்குழல்களை ஊதும் காட்சி ஒன்று கிடைத்தது. கோவில் மண்டபத்தில் காற்று நுழைந்து வெளியேறுவது போன்ற ஒலி. முதற்பாட்டு நானூறு ஆண்டுப் பழமையானது. அடுத்தது நம் காலத்தில் எழுதப்பட்டது. இரண்டும் ஒரே மேடையில், ஒரே மூச்சில்!

இதை எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். முதற்பாட்டைக் கண்மூடிக் கேட்டார். இரண்டாவது தொடங்கியதும் முகம் சுளித்தார். “தம்பி, பழமையைப் பழமையாகவே வைத்திருப்பதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை. கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு அடிப்பார்களா? பழைய கருவியில் புதிய கூச்சல் எதற்கு?” என்றார். வரலாறு கற்பிப்பவர் கேட்ட நியாயமான கேள்வி. அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. சில மாதங்கள் தேடியும் கேட்டும் படித்தும் நான் கண்ட விடையே இக்கட்டுரை.

வாழ்ந்த காலம்

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1547-ஆம் ஆண்டு மறைந்தபோது அரண்மனைப் பொருள்களுக்குப் பட்டியல் எடுத்தார்கள். அதில் ரெக்கார்டர்கள் மட்டும் எழுபத்தாறு. அவற்றை ஊத வெனிஸ் நகரத்திலிருந்து பசானோ குடும்பத்துச் சகோதரர்களை 1540 வாக்கில் வரவழைத்திருந்தார்கள். அதே வெனிஸில் கனாசி என்பவர் 1535-இல் இக்கருவிக்கென்று ஒரு பயிற்சி நூலே வெளியிட்டார். குழலூதுவோர் மனிதக் குரலையே குருவாகக் கொள்ள வேண்டும் என்பது அந்நூலின் அடிப்படைக் கொள்கை.

அக்காலத்தில் இதைப் பெரும்பாலும் குழுவாகவே ஊதினார்கள். ஒரு குடும்பத்தில் பாட்டன் முதல் பேரன் வரை இருப்பது போல, ஒரே அமைப்பில் ஒரு சாண் அளவிலிருந்து ஆள் உயரம் வரை குழல்கள் செய்யப்பட்டன. சிறியது உச்சக் குரலையும் பெரியது கீழ்க்குரலையும் ஏற்கும். நம் கச்சேரியில் பாடகர் நடுநாயகம். வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியம். இக்குழுவில் பக்கவாத்தியம் என்பதே இல்லை. நான்கு குழலும் நான்கு தனிப் பாட்டை ஊதும். ஒன்று தொடங்கியதை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். மூன்றாவது அதை மறித்துப் பேசும். நான்கும் சேர்ந்ததே இசை.

இதில் ஒரு கடுமையான விதி இருக்கிறது. ரெக்கார்டரில் காற்றுவழி மாறாதது. உரக்க ஒலிக்க வேண்டுமென்று பலமாக ஊதினால் சுருதி மேலேறிவிடும். மெல்ல ஊதினால் இறங்கிவிடும். ஆகவே ஒருவர் ‘என் குரல் கேட்கட்டும்’ என்று எண்ணிய கணத்திலேயே நால்வரின் இசையும் கெடும். ஒவ்வொருவரும் தம் மூச்சை மற்ற மூவரின் மூச்சோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே ஊத வேண்டும். ஊத எளிது, கூடி ஊதுவது அரிது. குழந்தையின் விளையாட்டுப் பொருள் என்று இதை எண்ணுவோர் இந்த ஓர் உண்மையை அறிந்தால் போதும்.

இருநூறு ஆண்டு இடைவெளி

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதி வரை இதற்குக் குறைவில்லை. பாக் 1721-இல் காணிக்கையாக்கிய பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்கள் ஆறில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ரெக்கார்டருக்கு முக்கிய இடம் உண்டு. ஹாண்டல், டெலமான், விவால்டி ஆகியோரும் இதற்கென எழுதியுள்ளனர். பின்னர் அரங்குகள் பெருத்தன. வாத்தியக் குழுக்கள் பெருத்தன. உரத்தும் மெலிந்தும் உணர்ச்சி காட்டுவதே இசை என்று சுவை மாறியது. சுருதி கெடாமல் உரக்கப் பேச முடியாத இக்குழலைப் பக்கவாட்டில் ஊதும் புல்லாங்குழல் பின்னுக்குத் தள்ளியது. மேலை இசையின் பொற்காலம் என்று பலர் போற்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ரெக்கார்டர் ஏறத்தாழ ஊமையாகவே கிடந்தது. பீத்தோவனும் பிராம்சும் இதற்கென்று எதையும் விட்டுச் செல்லவில்லை.

மீட்டவர்களுள் முதன்மையானவர் ஆர்னால்டு டால்மெட்ச். பிரான்சில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர். 1905-இல் ஏலத்தில் ஒரு பழைய ரெக்கார்டரை வாங்கி, கற்று, ஊதியும் வந்தார். 1919-இல் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் அது இருந்த பை தவறிப்போயிற்று. வேறொருவராயின் வருந்தி ஓய்ந்திருப்பார். இவரோ தாமே புதிதாக ஒன்றைச் செய்ய முனைந்தார், செய்தார். தொலைந்த பழங்குழலின் இடத்தில் பல புதுக்குழல்கள் பிறந்தன. 1925-இல் ஹாஸ்ல்மியர் என்ற ஊரில் பழைய இசைக்கென்று அவர் தொடங்கிய விழாவில் அவை ஒலித்தன.

இங்கே வரலாற்று மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரு பழம்பொருள் தொலைந்ததால், ஒரு மரபு பிழைத்தது. அந்தக் குழல் தொலையாமல் கண்ணாடிப் பேழையில் இருந்திருந்தால் நாம் அதைப் பார்த்திருப்போம், கேட்டிருக்கமாட்டோம்.

பிறகு வந்தது பிளாஸ்டிக். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவான பிளாஸ்டிக் ரெக்கார்டர்கள் பல நாட்டுப் பள்ளிகளில் நுழைந்தன. கருவி பரவியது, பெருமை குறைந்தது. அரண்மனையில் வாழ்ந்த குழல் ‘பிள்ளைகளின் ஊதல்’ ஆயிற்று. எங்கள் வீட்டுப் பகல் தூக்கத்தைக் கெடுத்ததும் அந்த வம்சம்தான்.

புதிய பாட்டு ஏன் வேண்டும்?

இப்போது பேராசிரியரின் கேள்விக்கு வருகிறேன்.

மீண்டு வந்த இக்கருவியின் கையில் இருந்தவை யாவை? 1750-க்கு முந்திய பாடல்கள் மட்டுமே. அதற்குப் பின் இருநூறு ஆண்டுப் பள்ளம். அந்தப் பள்ளத்தை எவராலும் நிரப்ப முடியாது. கடந்து போன காலத்துக்கு இன்று போய்ப் பாட்டு எழுத இயலுமா? ஆகவே கலைஞர்களுக்கு இரண்டு வழிகளே இருந்தன. பள்ளத்தின் இந்தப் பக்கம் வராமல் பழைய கரையிலேயே நின்றுவிடுவது ஒன்று. தாண்டி வந்து தம் காலத்தவரிடம் ‘எங்களுக்கும் எழுதுங்கள்’ என்று கேட்பது மற்றொன்று.

ஹாலந்து நாட்டு ஃபிரான்ஸ் புரூகன் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். பழைய இசையில் கரை கண்டவர் அவர். அவருக்காக இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பேரியோ 1966-இல் ‘கெஸ்டி’ என்ற படைப்பை எழுதினார். அதன் தொடக்கத்தில் விரல்கள் கலைஞர் முன்பே பழகிய பாட்டு ஒன்றின் சில அடிகளை ஓட்டிக்கொண்டிருக்கும். வாயோ அதனோடு ஒட்டாமல் தன்போக்கில் ஊதிக்கொண்டிருக்கும். பழக்கமும் புதுமையும் ஒரே உடம்பில் முரண்படுவதைக் காதால் கேட்கிறோம். கேட்க இனிமையா என்றால், இல்லை. உண்மையா என்றால், ஆம் என்பேன். வீட்டில் ஒரு பேச்சும் கல்லூரியில் ஒரு பேச்சுமாக வாழும் நமக்கு இது புரியாததா?

புரூகன் 1972-இல் தம் மாணவர் தலைமுறையைச் சேர்ந்த கீஸ் போக்கே, வால்டர் வான் ஹவே ஆகிய இருவருடன் ‘சவர் கிரீம்’ என்ற மூவர் குழுவைத் தொடங்கினார். புளித்த பாலேடு என்று பொருள்! பழைய இசை என்றாலே தலைமுழுதும் நரைத்த கௌரவம் என்ற எண்ணத்தை அந்தப் பெயரே கேலி செய்தது. இடைக்கால இசையையும் புத்தம் புதிய இசையையும் அவர்கள் மேடையேற்றினார்கள்.

1978-இல் ஆம்ஸ்டர்டாமில் நான்கு இளைஞர்கள் கூடி ‘ஆம்ஸ்டர்டாம் லூக்கி ஸ்டார்டஸ்ட் குவார்ட்டெட்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். லூக்கி என்பது அந்நாட்டுத் தொலைக்காட்சி விளம்பரங்களுக்கிடையே வந்துபோன ஒரு பொம்மைச் சிங்கத்தின் பெயர். 1981-இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் பழைய இசைக்கென்றே நடந்த போட்டியில் இவர்கள் அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரின் பாட்டு ஒன்றைக் குழலில் ஊதினார்கள். சபை திடுக்கிட்டது, பரிசும் கிடைத்தது. 2007 வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அக்குழு உலகெங்கும் ஊதியது.

எஸ்தோனியாவின் அர்வோ பேர்ட் 1977-இல் ‘ஆர்போஸ்’ என்ற படைப்பை ரெக்கார்டர் குழுவுக்கென்றே முதலில் எழுதினார். ஜப்பானின் ரியோஹெய் ஹிரோசே தம் நாட்டு மூங்கிற்குழலின் மூச்சை இக்குழலுக்குள் கொண்டுவந்தார். ஜெர்மனியின் பெட்சோல்டு குடும்பத்தார் ஒட்டுப்பலகையால் சதுர வடிவில் பெருங்குழல்கள் செய்தனர். பார்த்தால் குழல் என்றே தோன்றாது. தச்சுப் பட்டறையில் மீந்த பெட்டி எனலாம். ஊதினால் அடிவயிறு அதிரும். பழைய இசைக்கும் அது கீழ்க்குரல் தருகிறது. புதிய இசையில் அதன் விசைகளின் ‘டக் டக்’ ஒலியே தாளமாகிறது.

மூன்று மறுப்புகள்

‘இது பழமைக்குத் துரோகம்’ என்பது முதல் மறுப்பு. பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்தின் உட்ரெக்ட் நகரில் யாக்கோப் வான் ஐக் என்ற பார்வையற்ற கலைஞர் வாழ்ந்தார். ஆலய மணிகளை இசைப்பவர். மாலை வேளைகளில் கோவில் தோட்டத்தில் உலவுவோருக்குச் சிறு குழல் ஊதி மகிழ்விக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1649-இல் அவருக்கு ஊதியம் உயர்த்தினார்கள். அவர் ஊதியவை எவை? தேவாலயத் துதிப்பாடல்களும் உண்டு. அன்று தெருவில் எல்லாரும் முணுமுணுத்த பாட்டுகளும் உண்டு. அவற்றை விரித்தும் பின்னியும் அவர் வாசித்தவை நூலாகவே வந்துள்ளன. அன்றைய புதிய பாட்டுத்தான் இன்று நாம் போற்றும் பழைய இசை! அப்படியானால் ஸ்டீவி வொண்டரின் பாட்டை ஊதிய இளைஞர்கள் மரபை மீறினார்களா, காத்தார்களா? காத்தார்கள் என்பது என் துணிபு. பழையவர்களின் பாட்டை மட்டும் ஊதுவது பாதி மரபு. பழையவர்கள் செய்தது போலவே செய்வது மீதிப் பாதி.

கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு அடித்தால் எழுத்து மறையும். புதிய பாட்டை ஊதினால் எந்தப் பழைய பாட்டும் அழிவதில்லை. கல்வெட்டு, வெட்டியவன் போன பின்னும் தானே நிற்கும். இசையோ ஊதுபவன் இல்லையென்றால் தாளில் புள்ளிகளாகக் கிடக்கும். இரண்டையும் காக்கும் வழி ஒன்றாக இருக்க முடியாது. ஆனால் பேராசிரியர் அவர்களின் கருத்தில் ஒன்றை முழுமனத்தோடு ஏற்கிறேன். அருங்காட்சியகங்களில் உள்ள முந்நூறு, நானூறு ஆண்டுக் குழல்களைக் கண்டபடி ஊதக் கூடாது. மூச்சின் ஈரத்தால் பழைய மரம் வெடிக்கும். அவற்றைக் காப்போம்; அளவெடுத்துப் புதியன செய்து ஊதுவோம். இன்றைய குழுக்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன.

‘புதிய இசை வெறும் கூச்சல்’ என்பது இரண்டாம் மறுப்பு. சில படைப்புகள் அப்படித்தான் இருக்கின்றன, மறைக்கவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு ஒலி எழுப்புவது, நாக்கால் சொடுக்குவது, காற்றை மட்டும் ஊதுவது என்று வித்தை காட்டி நின்றுவிடுபவை உண்டு. ஆனால் பதினாறாம் நூற்றாண்டிலும் எல்லாரும் மேதைகளாகவா இருந்தார்கள்? காலம் பதரைத் தூற்றி நெல்லை நமக்குத் தந்திருக்கிறது. நம் காலத்து நெல்லை இன்னும் தூற்றவில்லை, அவ்வளவே. தூற்றும் வேலை கேட்பவர்களுடையது. கேட்க மறுத்தால் பதரோடு நெல்லும் போகும்.

‘சிறுவர் கருவியில் என்ன பெரிய கலை?’ என்பது மூன்றாம் மறுப்பு. எல்லாக் குழந்தையும் பேசத்தான் செய்கிறது; அதனால் பேச்சுக்கலை சிறியதாகிவிடுமா?

முடிவுரை

1977-ஆம் ஆண்டு விண்ணில் ஏவப்பட்ட இரண்டு வாயேஜர் கலங்களிலும் ஒரு தங்கத் தட்டு இருக்கிறது. மனித இனத்தின் குரலாக அதில் பல நாட்டு இசையைப் பதிந்து அனுப்பினார்கள். நம் நாட்டின் கேசர்பாய் கேர்க்கர் அம்மையாரின் குரல் அதில் உண்டு. பாக், பீத்தோவன் உண்டு. அவற்றோடு, அந்தோணி ஹோல்பார்ன் 1599-இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து ஒரு சிறு நடன இசையும் உண்டு. டேவிட் மன்ரோ தலைமையில் லண்டன் குழுவினர் ரெக்கார்டர்களில் ஊதியது. அளவு 1 நிமிடம் 17 வினாடி. மன்ரோ 1976-இல் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு அவர் மூச்சு விண்ணில் ஏறிற்று. இன்று இரு கலங்களும் சூரியனின் ஆட்சி எல்லையையே தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளின் ஊதல் என்று நாம் ஒதுக்கியது அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

ஆனால் அந்தத் தட்டும் ஒரு வகையில் கண்ணாடிப் பேழைதான். அதை எடுத்துச் சுழற்ற ஒருவர் வேண்டும். பூமியில் ரெக்கார்டர் பிழைத்தது தட்டினால் அன்று. தொலைந்ததை மீண்டும் செய்த கைகளாலும், பழைய பாட்டைக் கற்று முடித்த பின் ‘அடுத்தது என்ன?’ என்று கேட்ட வாய்களாலும், தன் மூச்சை மற்றவர் மூச்சுக்கு ஒத்துப் பிடித்த நெஞ்சங்களாலும் அது பிழைத்தது. பழமையைப் படிக்கும் மாணவர் நாம். நாம் அதற்குக் காவலர் மட்டுமா, வாரிசும்தானா என்பதே கேள்வி. காவலர் பூட்டுவார், வாரிசு குடியிருப்பார். குடியிருப்பவருக்கே வீட்டில் ஒரு புது அறை கட்டும் உரிமையும் கடமையும் உண்டு.

சென்ற மாதம் பேராசிரியர் அவர்களிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “நீ சொல்வதில் பாதியை ஏற்கிறேன் தம்பி” என்றார். பிறகு, “அந்த இரண்டாவது பாட்டை இன்னொரு தடவை போடு” என்றார். இம்முறை கடைசி வரை கேட்டார்.

அக்காள் மகள் இப்போதும் ஊதுகிறாள். சுருதி இன்னும் சேரவில்லை. ஆனால் வீட்டில் யாரும் அவளை நிறுத்தச் சொல்வதில்லை, நான் விடுவதில்லை.